காலை நீட்டினால் சுகம்தான்... பிரேக் எட்டுமா?

சென்னையிலிருந்து பழவேற்காடு சுமார் 60 கிலோமீட்டர். பூநாரை பார்க்க புல்லட்டில் கிளம்பும் வாலிபர்களுக்கு, போய்ச் சேருவதற்குள் முட்டி கடுத்துவிடும். அதற்காக கிராஷ் கார்டில் மாட்டுவதுதான் 'ஹைவே பெக்' என்னும் கால்தாங்கி.

வாங்குமுன் கவனிங்க!

கார்டு குழாய் எத்தனை மில்லி என்று அளந்து, அதற்கேற்ற கிளாம்ப் கேளுங்கள். லூசாக இருந்தால் வண்டி அதிர அதிர சுழன்றுவிடும். ரப்பர் போட்டது, மடங்குவது நல்லது. ஏறி உட்கார்ந்து பாருங்கள்: முட்டி லேசாக மடங்கியிருக்க வேண்டும், விறைக்கக்கூடாது.

ஒரு நொடியில்...

கால் அங்கே இருக்கும்போது பின் பிரேக்கும் எட்டாது, கியரும் எட்டாது. 60 கி.மீ. வேகத்தில் ஒரே நொடியில் வண்டி 16 மீட்டர் தாண்டிவிடும்!

மீனவக் குப்பங்களில் கூடைக்காரப் பெண்களும் பிள்ளைகளும் ரோட்டைக் கடப்பார்கள். தச்சூர் கூட்டுரோட்டில் பொன்னேரிப் பக்கம் திரும்பியதுமே காலை இறக்கிடுங்க, தம்பி!