சோற்றில் கலக்கும் மாத்திரை

“அக்கா, அவருக்குத் தெரியாம சோத்துல கலந்து குடுக்க ஏதோ மாத்திரை இருக்காமே?” போதை மீட்பு வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் நெசவாளர் வீட்டுப் பெண்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்.

இருக்கிறது. டைசல்ஃபிராம். அதை விழுங்கிவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். ரத்த அழுத்தம் இறங்கி உயிரும் போகலாம். குடிப்பவர் சம்மதித்து, டாக்டர் சோதித்துத் தர வேண்டியது. களவாகக் கலந்தால் அது வைத்தியமே இல்லை. கஞ்சா பிடிக்கும் பையனுக்கு அதைக் கொடுத்தும் பயனில்லை. கஞ்சாவை விடவைக்கத் தனி மருந்து கிடையாது. தூக்கத்துக்குக் கொஞ்ச நாள் மாத்திரை, மீதி கவுன்சலிங்தான்.

டேப்பென்டடால் போன்ற வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு வேறு வழி. நிறுத்தினால் மூக்கொழுகும், வயிறு போகும், எலும்பெல்லாம் வலிக்கும், தூக்கம் வராது. அதைத் தணிக்க நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் தருவார்கள். சிலருக்கு வருஷக்கணக்கில் தேவைப்படும். “ஒரு போதைக்கு இன்னொரு போதையா?” என்று மாமியார்கள் முகம் சுளிப்பார்கள். பையன் கிறக்கமில்லாமல் தறிக்குழியில் இறங்கி உட்காருகிறானே, அது போதாதா?

முற்றிய குடிகாரரை மட்டும் வீட்டில் பூட்டிவைத்துத் திடீரென நிறுத்தாதீர்கள். வலிப்பு வரும், மனம் பிதற்றும். ஆஸ்பத்திரியில்தான் நிறுத்த வேண்டும்.

பத்து நாளில் முகம் தெளிந்ததும் “சரியாயிட்டான்” என்று கூட்டிப் போய்விடுகிறார்கள். அங்கேதான் சறுக்கல். வலி மாத்திரைக்காரருக்கு அது உயிராபத்தும்கூட: விட்டிருந்த நாளில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும், பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடும். சறுக்காமல் காக்க, நெசவு வீட்டில் நான் முதலில் கேட்பது, சேலையை அறுத்துக் கொடுத்துக் கூலி வாங்கும் நாளில் கூட யார் போகிறார்கள் என்று. மொத்தப் பணம் கையில் வரும் நாள் அது. மச்சினன் கூடப் போகட்டும், கூலி மனைவி கணக்கில் ஏறட்டும். சிகிச்சை எடுத்தவர் ஒத்துக்கொண்டு செய்தால்தான் இதுவும் நிற்கும்.

குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், 1980இல் சென்னையில் டி.டி.கே. போதை மீட்பு மருத்துவமனையைத் தொடங்கியபோது குடும்பத்துக்கும் சிகிச்சையில் இடம் வைத்தார். திருவாரூர்ப் பக்கம் மஞ்சக்குடியில் ஊருக்குள்ளேயே முகாம் போட்டதும் அவர்கள்தான். 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். குடும்பத்தை உள்ளே இழுத்ததைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன்.

“ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் கேஸ் ஆயிடுமா?” என்ற பயம் பலருக்கு. 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு. உபயோகித்ததாகவோ சிறிய அளவு வைத்திருந்ததாகவோ வழக்கு வந்தாலும், அடிமையானவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் அந்த வழக்கிலிருந்தே விலக்கு. பாதியில் விட்டால் அந்த விலக்கு ரத்தாகலாம். அவர் வர மறுத்தால் வீட்டார் முதலில் போதை மீட்பு உதவி எண் 14446க்குப் பேசலாம், கட்டணமில்லை.