இருட்டில் மின்னுவது மானா, நாயா? இரவு-பகல் ஸ்கோப் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

மானை சுட்டால் நம்ம ஊரில் ஜெயில்தான். 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்பு சட்டம் சும்மா விடாது. ஆனால் ஸ்காட்லாந்தில் கதையே வேறு. அங்கே மானை சுடாவிட்டால்தான் பிரச்சினை!

மானை அடித்து தின்ற ஓநாய்கள் அங்கு சில நூற்றாண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டன. இதனால் மான்கள் பெருகி, சுமார் 10 லட்சம் இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. நட்ட மரக்கன்றுகளை எல்லாம் மேய்ந்து தள்ளுகின்றன. லைசென்ஸ் துப்பாக்கியுடன் போய் மான்களை குறைப்பது அங்கே பலருக்கு பிழைப்பு.

இரவில் பார்க்கும் ஸ்கோப்பை மான் மீது பயன்படுத்த அங்கு முன்பு தடை இருந்தது. 2023-ல் அந்த தடை நீங்கியது. ஆனாலும் சூரியன் மறைந்து 1 மணி நேரம் கழிந்தபின் சுட வேண்டுமா? நேச்சர்ஸ்காட் என்ற அரசு அமைப்பின் தனி அனுமதி கட்டாயம்.

எப்படி வேலை செய்கிறது?

டிஜிட்டல் ஸ்கோப் என்பது நம் செல்போன் கேமரா மாதிரிதான். பகலில் கலர் படம். இரவில் கறுப்பு வெள்ளை. இருட்டில் பார்க்க, கண்ணுக்கு தெரியாத அகச்சிவப்பு டார்ச் வேண்டும்.

இந்த டார்ச்சில் 2 வகை உண்டு. 850 நானோமீட்டர் டார்ச் வெகுதூரம் அடிக்கும். ஆனால் விளக்கின் முகப்பில் லேசான சிவப்பு தெரியும். 940 நானோமீட்டரில் அது தெரியாது, தூரம் குறையும். பனிமூட்டம் வந்தால் இரண்டுமே திணறும். வெளிச்சம் திரும்பி வந்து திரையே வெளுத்துவிடும்.

வாங்கும்போது உஷார்!

விளம்பரத்தில் போடும் தூரத்தை அப்படியே நம்பாதீர்கள். "ஏதோ நிற்கிறது" என்று தெரியும் தூரம் வேறு, "இது மான்தான்" என்று அடையாளம் காணும் தூரம் வேறு. இரண்டாவது ரொம்ப குறைவு.

ஜூம் அதிகம் என்றும் மயங்க வேண்டாம். டிஜிட்டல் ஜூம் படத்தை பெரிதாக்கும், தெளிவாக்காது.

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். கையில் இன்னொரு செட் இருக்கட்டும். உங்கள் துப்பாக்கியின் உதைப்பை ஸ்கோப் தாங்குமா என்றும் கேளுங்கள். பொருத்தியதும் இலக்கு அட்டையில் சுட்டு, குறி சரிபார்த்த பிறகே மலைக்கு போக வேண்டும்.

உடல் சூட்டை காட்டும் தெர்மல் ஸ்கோப், மான் எங்கே என்று தேட கில்லாடி. ஆனால் குறுக்கே நிற்கும் மரக்கிளையை தெளிவாக காட்டாமல் போகலாம். குண்டு கிளையில் பட்டு திசை மாறினால் மான் அரைகுறை காயத்துடன் இருட்டில் ஓடும். அதை தேடிப் பிடிப்பது பெரும்பாடு. அதுவரை அந்த ஜீவன் துடிக்கும்.

கண் மின்னினால் போதுமா?

போதாது. டார்ச் பட்டால் மான் கண்ணும் மின்னும், ஆட்டின் கண்ணும் மின்னும், நாயின் கண்ணும் மின்னும். அந்த நாய்க்கு பக்கத்திலேயே அதன் எஜமான் நிற்கலாம். 2003-ம் ஆண்டு சட்டப்படி ஸ்காட்லாந்து மலைகளில் யாரும் நடக்கலாம், கூடாரம் போட்டு தூங்கலாம்.

எனவே முழு உடலும் தெரிய வேண்டும். பின்னால் குண்டை தாங்கும் மண்மேடு இருக்க வேண்டும். துளி சந்தேகம் வந்தாலும் விரலை எடுத்துவிட வேண்டும்.

எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும் ஸ்கோப் காட்ட மட்டும்தான் செய்யும். சுடலாமா, கூடாதா என்று முடிவு எடுக்க வேண்டியது மனுஷன்தான்.