முதற் சோறு எப்போது?

சென்ற வருடம் எங்கள் வீட்டில் ஒரு பெரிய மஷூரா நடந்தது. கல்யாணப் பேச்சோ காணிப் பிரச்சினையோ இல்லை. ராத்தாவின் மகளுக்கு நாலரை மாதம். அவளுக்குச் சோறு தீத்தத் தொடங்கலாமா, கூடாதா என்பதே விடயம்.

பிள்ளை இரவில் மூன்று நான்கு தடவை எழும்பி அழுதாள். எந்நேரமும் கையை வாயில் வைத்துச் சூப்பினாள். நாங்கள் சாப்பிடும்போது எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளினிக் கொப்பியைப் பார்த்தால், மூன்றாம் மாதத்தில் 700 கிராம் கூடியவள் நான்காம் மாதத்தில் 500 கிராம்தான் கூடியிருந்தாள். உம்மும்மா தீர்ப்பே சொல்லிவிட்டார்.

“புள்ளைக்குப் பசி. பால் காணாது. கொஞ்சம் றஸ்க்கக் கரைச்சிக் குடுங்க, நல்லா உறங்கும்.”

மச்சான் அன்று மாலையே டவுனுக்குப் போய் ஒரு மாப்பெட்டி வாங்கிவந்தார். ராத்தா எதுவும் பேசவில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். தன் பால் போதவில்லை என்று நான்கு பேர் சொன்னால் எந்தத் தாய்க்கும் மனம் உடைந்துதான் போகும்.

உயர்தரத்தில் மனைப்பொருளியல் படிக்கும் என்னைப் பார்த்து வாப்பா கேட்டார்: “நீதானே இதெல்லாம் படிக்கிற? சொல்லு பாப்பம்.” எனக்கு ‘6 மாதம்’ என்ற விடை தெரியும். ஏன் ஆறு, ஏன் நாலு இல்லை என்று கேட்டால் விளக்கத் தெரியாது. அந்த வெட்கத்தில் தேடிப் படித்ததையும், எங்கள் குடும்பநல உத்தியோகத்தர் மிஸ் வீட்டுக்கு வந்து விளங்கப்படுத்தியதையும் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பெரியவர்கள் சொன்னது பொய்யா?

முதலில் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். எங்கள் உம்மாவுக்குக் கிளினிக்கிலேயே 4 மாதம் முடியச் சாப்பாடு தொடங்கலாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அன்று உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரையும் ‘4 முதல் 6 மாதம்’ என்பதே. 2001ஆம் ஆண்டில், அதுவரை வெளிவந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த பிறகே, முதல் 6 மாதமும் தாய்ப்பால் மட்டும் என்ற பரிந்துரை வந்தது. அதே ஆண்டு மே மாதம் உலக சுகாதார மாநாடும் அதை ஏற்றுக்கொண்டது. பின்னர் எங்கள் நாட்டுக் கிளினிக்குகளும் மாறின. ஆகவே உம்மாவும் உம்மும்மாவும் அறியாமையால் பேசவில்லை. தங்கள் காலத்தில் கேட்டதையே சொன்னார்கள்.

அந்த மாற்றத்துக்குக் காரணமான ஆய்வுகளில் ஒன்று மத்திய அமெரிக்காவில் உள்ள ஹொண்டுராஸ் நாட்டில் நடந்து 1994இல் வெளியானது. 4 மாதக் குழந்தைகளைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு உணவும் தாய்ப்பாலும், மற்றவர்களுக்குத் தாய்ப்பால் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். உணவு உண்ட குழந்தைகள் கூடுதலாக வளரவில்லை. எவ்வளவு உணவு உள்ளே போனதோ, ஏறக்குறைய அந்த அளவுக்கு அவை தாய்ப்பாலைக் குறைத்துக்கொண்டன. பெலருஸ் நாட்டில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வில், 3 மாதம் மட்டும் தனித் தாய்ப்பால் குடித்த குழந்தைகளைவிட, 6 மாதமும் குடித்தவர்களுக்கு வயிற்றோட்டம் குறைவாக இருந்தது.

சின்ன வயிற்றில் றஸ்க் கரைசல் நிறைந்தால் பிள்ளை பால் குடிப்பது குறையும். குடிப்பது குறைந்தால் சுரப்பதும் குறையும். பிறகு ‘பால் காணாது’ என்று நாங்கள் சொன்ன பொய்யே உண்மையாகிவிடும்.

அழுகையும் கொப்பியில் உள்ள கோடும்

மிஸ் வந்ததும் ராத்தாவிடம் கேட்ட முதற் கேள்வி, “நாளைக்கு எத்தனை தரம் சலம் போறா?” என்பதுதான். எட்டுத் தடவை என்றாள் ராத்தா. ஆறுக்கு மேல் போனால் பால் உள்ளே போகிறது என்று அர்த்தம்.

அடுத்து கொப்பியை விரித்தார். பிள்ளை பிறக்கும்போது 2.8 கிலோ; 4 மாதத்தில் 5.7 கிலோ. பிறந்த எடை இரட்டிப்பாகிவிட்டது. எந்தக் குழந்தையும் முதல் மூன்று மாதம் வேகமாக எடை கூடி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாகும். அதனால்தான் கொப்பியில் அச்சிட்ட கோடும் நான்காம் மாதத்திலிருந்து சரிந்து வளைகிறது. எங்கள் மகளின் புள்ளிகளும் அந்தக் கோட்டோடு சேர்ந்தே போயின. “இந்தக் கோட்டை வெட்டிக் கீழே இறங்கினாலோ, ஒரே மட்டத்தில் நின்றாலோ உடனே வாங்க. இது நல்ல வளர்ச்சி” என்றார்.

இரவில் எழும்புவதும், விரல் சூப்புவதும், வீணீர் வடிப்பதும் இந்த வயதுக்குரிய வளர்ச்சி. இவை சோறு கேட்கும் அடையாளங்களாகா. உணவுக்குப் பிள்ளை ஆயத்தம் என்பதைக் காட்டும் அடையாளங்கள் வேறு: பிடித்து இருத்தினால் நிமிர்ந்து இருப்பது, கழுத்து ஆடாமல் நிற்பது, பொருளைப் பார்த்துக் கையால் எடுத்து வாய்க்குக் கொண்டுபோவது, உணவை நாக்கால் வெளியே தள்ளாமல் விழுங்குவது. பெரும்பாலான குழந்தைகளில் இவையெல்லாம் ஒன்றாகச் சேர்வது ஏறக்குறைய 6 மாதத்தில்தான்.

வெக்கைக் காலம் என்பதால் தண்ணீராவது கொடுக்கலாமா என்று வாப்பா கேட்டார். தாய்ப்பாலில் பெரும்பகுதி, நூற்றுக்கு 87, 88 பங்கு, தண்ணீர்தான். வன்னி வெயிலிலும் 6 மாதம்வரை வேறு தண்ணீர் தேவையில்லை. தாய்தான் நன்றாகத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

உம்மும்மா சொன்ன கதை

இவ்வளவும் கேட்டுக்கொண்டு சுவரோரம் இருந்த உம்மும்மா மெதுவாகப் பேசத் தொடங்கினார். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவர் நீராவிப்பிட்டியிலிருந்து கைக்குழந்தையோடு புறப்பட்டவர். எங்கள் சின்ன மாமாவுக்கு அப்போது இரண்டு மாதம். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்தபோது பிள்ளை விடாமல் அழுதது. பயத்திலும் பட்டினியிலும் பால் வற்றிவிட்டதென்று நினைத்து, யாரோ கொடுத்த மாப்பாலை முகாமுக்குப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்திருக்கிறார். ஒரு கிழமைக்குள் வயிற்றோட்டம். எட்டு நாள் ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றித்தான் பிள்ளை தப்பியது.

இத்தனை வருடமும் உம்மும்மா அந்த மாப்பால்தான் மகனைக் காப்பாற்றியது என்று நம்பியிருந்தார். வயிற்றோட்டம் இடம்பெயர்ந்த துன்பத்தால் வந்தது என்று நினைத்திருந்தார்.

மிஸ் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “பயமும் கவலையும் பால் இறங்கி வாறத கொஞ்ச நேரம் தடுக்கும் உம்மா. ஆனா சுரக்கிறத நிப்பாட்டாது. புள்ளைய விடாமப் போட்டுச் சூப்ப விட்டா திரும்பவும் இறங்கும். கிணத்துத் தண்ணியும் கழுவாத போத்தலும்தான் ஆபத்து.”

உம்மும்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அந்த நேரம் இத ஒருத்தரும் சொல்லல்ல மகள்” என்றார்.

சுனாமியும் யுத்தமும் முகாம் வாழ்க்கையும் கண்ட இந்த மண்ணில் இதை நாங்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றியது. கிணறும் அடுப்பும் கடையும் இல்லாமற் போகும் நாளிலும் ஒரு குழந்தைக்கு மிஞ்சியிருக்கும் சுத்தமான உணவு தாயிடம்தான் இருக்கிறது.

பிந்துவதும் பிழை

மாப்பெட்டி அலுமாரிக்கு மேலே போனது. 180 நாள் முடியும்வரை பால் மட்டும் என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தோம். ஆனால் 6 மாதம் நிறைந்ததும் புதிய பிரச்சினை வந்தது. இப்போது ராத்தாவுக்குச் சோறு தொடங்கப் பயம்! “பால் குடிக்கிறாதானே, இன்னும் ரெண்டு மாசம் போகட்டும்” என்றாள்.

இதுவும் பிழை. எங்கள் மாமி மகள் ஒருத்தி தன் பிள்ளைக்கு 9 மாதம்வரை பால் மட்டுமே கொடுத்தாள். பிள்ளை வெளிறிப்போய் மந்தமாக இருந்தது. இரத்தம் சோதித்தபோது இரும்புச்சத்துக் குறைவு என்று மருந்து எழுதினார்கள்.

காரணம் இதுதான். தாய்ப்பாலில் இரும்புச்சத்து மிகவும் குறைவு. குழந்தை அதை நன்றாக உறிஞ்சிக்கொண்டாலும் அளவு சொற்பம். நிறைமாதத்தில் போதிய எடையோடு பிறக்கும் குழந்தை கருவிலேயே சேமித்துக்கொண்ட இரும்பைக் கொண்டுதான் முதல் 6 மாதத்தைச் சமாளிக்கிறது. பிறகு அந்தச் சேமிப்பு தீர்ந்துபோகிறது. 6 முதல் 8 மாதம்வரை நாளொன்றுக்குச் சுமார் 200 கிலோ கலோரி உணவிலிருந்து தேவை. 9 முதல் 11 மாதத்தில் அது 300 ஆகவும், ஒரு வயதுக்குப் பிறகு 550 ஆகவும் கூடுகிறது. மீதியைத் தாய்ப்பால் கொடுக்கும். 2023இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட புதிய வழிகாட்டலும், தாய்ப்பாலைத் தொடர்ந்துகொண்டே 6 மாதத்தில் உணவைத் தொடங்கும்படிதான் சொல்கிறது.

குறைமாதத்தில் அல்லது 2.5 கிலோவுக்குக் குறைந்த எடையில் பிறந்த குழந்தைகளின் கணக்கு வேறு. சேமிப்பு குறைவாக இருப்பதால் அவர்களுக்கு முன்கூட்டியே இரும்புத் துளிமருந்து தேவைப்படலாம். உணவு தொடங்கும் நாளையும் வைத்தியரே சொல்ல வேண்டும்.

எதை, எப்படி?

ஆறாம் மாதத் தடுப்பூசி போட்டுவந்து இரண்டு நாள் கழித்து, காலை வெயிலுக்கு முன், பிஸ்மில்லாஹ் சொல்லி எங்கள் மகளுக்கு முதற் சோறு தீத்தினோம். நன்றாகக் குழைய அவித்த சோற்றைத் தாய்ப்பால் விட்டு மசித்தது. இரண்டு தேக்கரண்டிதான். முதல் வாய் அப்படியே வெளியே வந்தது. அதை நாங்கள் “பிடிக்கவில்லை” என்று எடுக்கவில்லை. விழுங்கப் பழகுகிறாள், அவ்வளவுதான். அடுத்த நாள் மீண்டும் கொடுத்தோம்.

பிறகு பருப்பு, பூசணி, முருங்கையிலை, மஞ்சட்கரு, முள்ளெடுத்த குளத்து மீன், ஈரல் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். புதிதாக ஒன்றைக் கொடுத்தால் இரண்டு மூன்று நாள் பொறுத்து அடுத்தது. மீனையும் இறைச்சியையும் ஒரு வயதுவரை தள்ளிப்போடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். இரும்பு அதிகம் தேவைப்படும் மாதங்களில் அதைத் தள்ளிப்போடுவது நட்டமே. பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பு உடம்பில் சேர, இறக்கியபின் இரண்டு துளி தேசிக்காய் உதவும். தேத்தண்ணீர் அதைக் கெடுக்கும். பிள்ளைக்குத் தேத்தண்ணீரில் பிஸ்கட் தோய்த்துக் கொடுக்கும் பழக்கத்தை விடுவோம்.

கஞ்சித் தண்ணீர் சத்து என்று நினைக்கிறோம். 7 கிலோ குழந்தையின் வயிறு சுமார் 200 மில்லிலீற்றர்தான் கொள்ளும், ஒரு சிறு கோப்பை அளவு. அதைத் தண்ணீரால் நிரப்பினால் சத்துக்கு எங்கே இடம்? கரண்டியைச் சரித்தால் ஓடி வடியாத பதமே சரியான பதம். உப்பும் சீனியும் சேர்க்கத் தேவையில்லை. தேன் ஷிபா என்றாலும், ஒரு வயது நிறையுமுன் கொடுக்கக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி சிறு குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கலாம். கையும் கோப்பையும் கழுவி, கொதித்து ஆறிய தண்ணீரையே பாவிக்க வேண்டும். போத்தல் வேண்டாம்.

உணவு தொடங்குவது பாலை மறக்கடிப்பது ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சூரத்துல் பகராவின் 233ஆம் வசனம், பூர்த்தி செய்ய விரும்புவோருக்கு இரண்டு வருடப் பாலூட்டலைக் கூறுகிறது. பாலை நிறுத்துவதாக இருந்தாலும் தாயும் தந்தையும் மனமொத்து ஆலோசித்தே செய்யும்படி வழிகாட்டுகிறது. ஒரு குழந்தையின் பாலுக்காகக்கூட மஷூரா செய்யச் சொன்ன மார்க்கம் எங்களுடையது. அந்த ஆலோசனையில் தாயின் குரலும் கேட்க வேண்டும். ராத்தாவைப்போல மூலையில் இருந்து அழ விடக்கூடாது.

சகோதரிகளே, நாளை நாங்கள் தாய்மார் ஆகலாம். இன்று தங்கைமார், சாச்சிமார். வீட்டில் ஒரு பிள்ளை அழுதால் “பால் காணாது” என்று சொல்லுமுன் கொப்பியை எடுத்துப் பாருங்கள், மிஸ்ஸைக் கேளுங்கள். பெரியவர்களை மறுத்துப் பேசாமல் அவர்களையும் பக்கத்தில் இருத்திக் கேட்கச் செய்யுங்கள்.

எங்கள் மகளுக்கு இப்போது 11 மாதம். உம்மும்மாதான் தினமும் தீத்துகிறார். சோற்றோடு மீனை மசிக்கும்போது பக்கத்து வீட்டு இளம் தாய்க்கும் வேலிக்கு மேலால் சொல்லிக்கொடுக்கிறார்: “ஆறு மாசம் முடியட்டும் மகள். அவசரப்படாத, பிந்தவும் வேணாம்.”