ஆறு அஞ்சல்தலைகளில் இடம்பெறாத 123 ஆண்டுகள்

சிங்கப்பூர் நிறுவப்பட்டு 150 ஆண்டுகள் நிறைவடைந்ததை ஒட்டி, 1969 ஆகஸ்ட் 9ஆம் தேதி, தேசிய தினத்தன்று, ஆறு நினைவு அஞ்சல்தலைகள் வெளியிடப்பட்டன. ஆறையும் வாங்க 17 வெள்ளி 20 காசு தேவைப்பட்டது. கடிதம் அனுப்ப யாரும் அவ்வளவு செலவழிக்க மாட்டார்கள். ஆறும் ஒரே தாளில் அமைந்த சிறு தொகுப்பும் வெளியானது. சேகரிப்பாளர்கள் இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

அந்த ஆறையும் விலை வரிசையில் அடுக்கினால் காலம் பின்னோக்கி ஓடுவது தெரியும். 15 காசில் துறைமுகத்தின்மேல் பறக்கும் விமானம். அது அன்றைய சிங்கப்பூர். 30 காசில் ஐநா சின்னம். சிங்கப்பூர் அதில் சேர்ந்தது 1965ல். 75 காசில் 1963ல் உருவான மலேசியாவின் கொடிகள். ஒரு வெள்ளியில் பிறையையும் நட்சத்திரங்களையும் ஏந்தி உயரும் கைகள். 1959ல் கிடைத்த தன்னாட்சியை நினைவூட்டுபவை. ஐந்து வெள்ளியில் ஜப்பானியப் போர் விமானத்தின் வால். ஆக விலை கூடிய பத்து வெள்ளித் தலையில் ராஃபிள்ஸ் சிலையின் மார்பளவு உருவம்.

அதாவது, 1819லிருந்து நேராக 1942க்கு ஒரே தாவல். நடுவில் 123 ஆண்டுகள்.

இங்குள்ள தமிழர்களின் தொடக்கக் கதை பெரும்பாலும் அந்த ஆண்டுகளில்தான் இருக்கிறது. 1825ல் பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகள் கொண்டுவரப்பட்டனர். சாலைகளைப் போட்டதும், செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் இன்றைய இஸ்தானாவையும் எழுப்பியதும் கைதிகளின் உழைப்பு. 1850களில் நகராட்சி அமைப்பு உருப்பெற்றது. பின்னர் சாலை, சாக்கடை, துப்புரவு வேலைகளுக்குத் தமிழ்த் தொழிலாளர்களை அது பெருமளவில் அமர்த்தியது. சிராங்கூன் ரோடு வட்டாரத்தில் மாட்டுக் கொட்டகைகளும் கடைகளும் பெருகி, தேக்கா இந்தியர் பேட்டையானதும் அக்காலத்தில்தான்.

அந்த நகராட்சி 1951 செப்டம்பர் 22ஆம் தேதி அரச சாசனத்தின்வழி மாநகரத் தகுதி பெற்றது. ஊரின் பிறந்தநாளைக் கொண்டாடிய ஆறு தலைகளில் அதற்கும் இடமில்லை.

சின்னஞ்சிறு தாளில் எல்லாவற்றையும் அடைக்க முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் நினைவு அஞ்சல்தலை வெறும் கட்டண ரசீது அல்ல. எந்தெந்த நாள்களை நினைவில் வைக்கவேண்டும் என்று அரசாங்கம் தேர்ந்தெடுத்துத் தரும் பட்டியல் அது. 1969ல் நாட்டுக்கு வயது நான்கு. போரும் பிரிவும் மக்கள் மனத்தில் ஆறாதிருந்த நேரம். அதனால்தானோ என்னவோ, ஐந்து தலைகள் 27 ஆண்டுகளுக்குள் அடங்கிவிட்டன.

ராஃபிள்ஸ் 1819ல் பினாங்கிலிருந்து இரண்டாம் முறை வந்தபோது அதே கப்பலில் வந்தவர் நாராயண பிள்ளை. இங்கு செங்கல் சூளை வைத்தார். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஸ்ரீ மாரியம்மன் கோயில் எழ முன்னின்றார். இருநூறாம் ஆண்டு நிறைவான 2019ல், சிங்கப்பூர் ஆற்றங்கரையில் உள்ள ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் அவருக்கும் ஒரு சிலை சிறிது காலம் வைக்கப்பட்டிருந்தது.