பவளத் தொட்டியின் பாசியும் பயோபெல்லட் குருணைகளும்

கடல்நீர்த் தொட்டிகளில் பவளங்களை வளர்ப்போர் எதிர்கொள்ளும் சிக்கல்களுள் பாசிப் பெருக்கமே மிகவும் பிடிவாதமானது. மீன்களுக்கு இடப்படும் தீனியும் அவற்றின் கழிவும் சிதைந்து நைட்ரேட், பாஸ்பேட் ஆகிய சத்துகளாக நீரில் தேங்க, பவளங்களுக்காக எரியும் வலிய விளக்கொளியும் அவற்றோடு சேரும்போது, டெர்பீசியா, பிரையாப்சிஸ் முதலிய இழைப்பாசிகள் பாறைகளெங்கும் படர்ந்து, பவளங்களுக்கு வரும் ஒளியை மறைத்து, நாளடைவில் அவற்றை மூடிவிடுகின்றன. இயற்கையான பவளப்பாறைகளில் நீரின் சத்துக் குறைவும் மேய்ச்சல் உயிரினங்களின் மிகுதியும் பாசியை அடக்கி வைக்கின்றன. கரீபியக் கடலில் பாசியை மேயும் டயடீமா என்னும் நீள்முள் உயிரினம் 1983, 1984 ஆண்டுகளில் நோயால் பெருமளவில் மடிந்த பிறகு ஜமைக்காவின் பவளப்பாறைகளைப் பாசி ஆக்கிரமித்தது, அந்த மேய்ச்சலின் இன்றியமையாமையைக் காட்டியது. தொட்டியிலோ மேய்ச்சல் குறைவு, தீனி மிகுதி.

பாசி உண்ணும் அதே சத்துகளைப் பாக்டீரியாக்களும் உண்ணும் என்பதால், அவற்றைப் பெருக்கிப் பாசியைப் பட்டினி போடுவதே பயோபெல்லட் முறையின் அடிப்படை. ஆயினும் பாக்டீரியா பெருக நைட்ரஜனும் பாஸ்பரசும் மட்டும் போதா, கார்பனும் வேண்டும். தொட்டி நீரில் முன்னவை இரண்டும் மிகுந்திருக்க, பாக்டீரியா எளிதில் உண்ணத்தக்க கரிமக் கார்பன் மட்டுமே பற்றாக்குறையாக உள்ளது. இக்குறையைப் போக்க வோட்காவையோ வினிகரையோ சொட்டுச் சொட்டாக ஊற்றும் வழக்கம் முன்பே இருந்தது; அதில் அளவு சற்றே மிகுந்தாலும் பாக்டீரியா திடீரெனப் பெருகி, நீர் கலங்கி, உயிர்வளி குறைந்து மீன்கள் மூச்சுத் திணறும் ஆபத்து உண்டு. கார்பனைத் திடப்பொருளாகக் கொடுத்தால் பாக்டீரியா அதை மெல்ல மெல்லவே அரித்து உண்ண முடியும் என்ற எண்ணத்தில் பிறந்தவையே பயோபெல்லட் என்னும் குருணைகள்.

இவை பெரும்பாலும் பாலிஹைட்ராக்சி அல்கனோயேட் என்னும் உயிர்ச்சிதைவுறும் பிளாஸ்டிக் வகையால் ஆனவை. பல பாக்டீரியாக்கள் உணவு மிகுந்த காலத்தில் தம் உடலுக்குள் சேமித்து வைக்கும் பொருளே இது. இவ்வகையைச் சேர்ந்த ஒரு சேர்மத்தை 1926இல் பிரெஞ்சு அறிஞர் மொரீஸ் லெமாயின் பாக்டீரியாவில் கண்டறிந்தார். குருணை நீரில் தானே கரைவதில்லை; பாக்டீரியா ஆக்கிய சேமிப்பைப் பாக்டீரியாவே அரித்து உண்கிறது.

குருணைகள் இடப்படும் ரியாக்டர் என்பது உருளை வடிவக் கலம்; அதன் அடியிலிருந்து பம்பு செலுத்தும் நீர் குருணைகளை ஓயாது புரட்டிக்கொண்டிருக்க வேண்டும். புரளல் நின்றால் அவை வழுவழுப்பாக ஒட்டிக் கட்டியாகி, உள்ளே உயிர்வளியற்ற பகுதிகள் தோன்றி, அழுகிய முட்டை நாற்றமுடைய நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகக்கூடும். புரளும்போது குருணைகள் ஒன்றோடொன்று உரசுவதால் உதிரும் பாக்டீரியாப் படலத்தை, நுரையின் வழியே கழிவைப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் வெளியேற்றுகிறது. எனவே ரியாக்டரின் வெளிநீர் ஸ்கிம்மரின் உள்வாயருகே விழும்படி அமைப்பது இம்முறையின் உயிர்நாடி. ஸ்கிம்மர் வலுவற்றதாயின் உண்ட சத்து முழுவதும் பாக்டீரியா இறந்தபின் மீண்டும் நீருக்கே திரும்பிவிடும்.

இம்முறைக்கு ஓர் இயல்பான எல்லையுண்டு, வாங்குமுன் அதை அறிந்திருப்பது நல்லது. கடல் நுண்ணுயிர்களின் உடலில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் அணுக்கள் ஏறத்தாழ 106:16:1 என்ற விகிதத்தில் அமைவதை அமெரிக்கக் கடலியலாளர் ஆல்பிரட் ரெட்ஃபீல்டு எடுத்துக்காட்டினார். பாக்டீரியாக்களின் விகிதம் இதிலிருந்து ஓரளவு மாறுபடினும், இதை எடைக்கணக்கில் மாற்றிப் பார்த்தால், ஏறக்குறைய 10 மில்லிகிராம் நைட்ரேட் குறையும்போது 1 மில்லிகிராம் பாஸ்பேட்டே குறையும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் நைட்ரேட்டும் 1 மில்லிகிராம் பாஸ்பேட்டும் உள்ள தொட்டியில், நைட்ரேட் முழுதும் தீர்ந்த பின்னும் பாஸ்பேட்டில் பாதி எஞ்சிநிற்கும். படலத்தின் உயிர்வளியற்ற உட்பகுதியில் நைட்ரேட்டின் ஒரு பங்கு நைட்ரஜன் வாயுவாக மாறிப் போவதால், எஞ்சும் பாஸ்பேட் இன்னும் மிகுதியாகவே இருக்கும். அத்தகைய நீரில் செந்நிறச் சளி போலப் படரும் சயனோபாக்டீரியா தலையெடுப்பதுண்டு. அவற்றுள் சில கரைந்துள்ள நைட்ரஜன் வாயுவையே உணவாக்க வல்லவை என்பதால் நைட்ரேட் பஞ்சம் அவற்றைத் தொடுவதில்லை. ஆகவே பாஸ்பேட்டைப் பற்றிக்கொள்ளும் இரும்பு ஆக்சைடு குருணைகளைத் தனியே பயன்படுத்த நேர்கிறது.

அதற்காகப் பாஸ்பேட்டை முற்றிலும் துடைத்தெடுப்பதும் தவறு. நைட்ரேட் மிகுந்து பாஸ்பேட் வறண்ட நீரில் வாழும் பவளங்கள் வெப்பத்தாலும் ஒளியாலும் எளிதில் வெளிறுகின்றன என்பதை யோர்க் வீடென்மான் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பவளத்தின் திசுவுக்குள் வாழ்ந்து அதற்கு உணவளிக்கும் நுண்பாசிக்கும் இச்சத்துகள் வேண்டும்; அழிக்க விரும்பும் பாசியும் காக்க விரும்பும் பாசியும் ஒரே நீரையே பருகுகின்றன. ஆதலால் பரிந்துரைக்கப்பட்ட அளவில் ஒரு சிறு பங்கு குருணையோடு தொடங்கி, பாக்டீரியா குடியேறச் சில வாரங்கள் பொறுத்து, வாரந்தோறும் இரு சத்துகளையும் அளந்தபின்னரே அளவைக் கூட்டுவது முறையாகும். பவளங்களின் நிறம் வெளிறத் தொடங்கினால் குருணைகளைச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டுமேயன்றி, ஒரே நாளில் ரியாக்டரை நிறுத்தலாகாது. பம்பு நின்ற கலத்தில் உயிர்வளி விரைவில் தீர்ந்துவிடும் என்பதால், நீண்ட மின்தடைக்குப் பின் அதனுள் தேங்கிய நீரைக் கொட்டிய பிறகே மீண்டும் இயக்க வேண்டும்.