குடிபுகுந்த பிறகு – 9: சாயங்காலம் கறுக்கும் மெரூன்

இந்த வாரம் திரைச்சீலை என்று சொல்லியிருந்தேன். ஆனால் ஜன்னலுக்குப் போகும் வழியில் சுவரின் நிறம் மறித்துக்கொண்டுவிட்டது.

பட்டுப்புடவைக் கடையில் எத்தனை விளக்கு எரிந்தாலும் நம் பெண்கள் நம்புவதில்லை. புடவையை வாசலுக்குத் தூக்கி வந்து, வெயிலில் விரித்து, "இது அரக்கு இல்லடி, மெரூன்" என்று தீர்ப்பு சொன்ன பிறகுதான் பில். அதே குடும்பம், வருடக்கணக்கில் பார்க்கப்போகும் சுவருக்கு மட்டும், பெயிண்ட் கடை டியூப்லைட்டில் இரண்டு விரல் அகல ஷேட் கார்டைத் தொட்டு, "இதுவே இருக்கட்டும்" என்று சொல்லிவிடுகிறது.

அப்படி வந்து சேர்வதுதான் டிவிக்குப் பின்னால் ஒரு சுவருக்கு மட்டும் அடிக்கிற மெரூன். காலையில் கம்பீரமாக இருக்கும். மாலையில் விளக்கைப் போடுவதற்கு முன் வந்து பாருங்கள், கறுத்துப்போயிருக்கும். பக்கத்தில் கிடக்கும் நீலக் குஷன் மட்டும் எடுப்பாகத் தெரியும்.

இதை எழுதி வைத்தவர் பொஹீமியாவின் உடலியல் அறிஞர் யான் புர்கின்யே. ஆண்டு 1825. விடியும்போது நீலம் முதலில் கண்ணுக்கு வருகிறது, பகலில் கொழுந்துவிடும் சிவப்போ வெகுநேரம் கருமையாகவே நிற்கிறது என்று குறித்தார். பகலில் நம் கண்ணுக்கு மிகப் பளிச்சென்று தெரிவது 555 நானோமீட்டர், அதாவது மஞ்சள் கலந்த பச்சை. இருட்டில் வேலை செய்கிற கோல் செல்களுக்கு அந்த உச்சம் 507 நானோமீட்டர், நீலம் கலந்த பச்சை. சிவப்பு அவற்றுக்கு அநேகமாகத் தெரிவதே இல்லை. கப்பலில் இரவுக் காவல் இருப்பவர்கள் சிவப்பு விளக்கில் வரைபடம் பார்ப்பதும் இதனால்தான். இருட்டுக்குப் பழகிய கண் கெடாது. புர்கின்யே லேசான ஆள் இல்லை. 1823இல் கைரேகைகளை ஒன்பது வகையாகப் பிரித்தவர். சிறுமூளையில் ஒரு வகைச் செல்லுக்கும், இதயத்தில் ஒரு வகை இழைக்கும் அவர் பெயர்தான். அவ்வளவுக்கும் நடுவில் நம் ஹால் சுவரையும் கவனித்துவிட்டார் மனிதர்!

விளக்கைப் போட்டால் சரியாகிவிடுமா? 6500 கெல்வின் கூல் ஒயிட் எல்இடியில் நீலம் தூக்கலாகவும் சிவப்பு குறைவாகவும் இருக்கும்; மெரூன் பழுப்பாகிவிடும். 3000 கெல்வின் வார்ம் ஒயிட்டில் உயிர் வரும், ஆனால் எதிர்ச் சுவரின் வெளிர் நீலம் அழுக்கேறித் தெரியும். பல்பு அட்டைப்பெட்டியில் சிஆர்ஐ என்று ஒரு எண் இருக்கும். 100ஐ நெருங்க நெருங்க நிறம் நிறமாகத் தெரியும். பரவலாகக் கிடைப்பது 80. ஹாலுக்கு 90 தேடி வாங்கலாம். ஆக முதலில் விளக்கு, பிறகு பெயிண்ட். நாம் தலைகீழாகச் செய்கிறோம்.

வெளிநாட்டு அலங்காரப் புத்தகங்களை நம்பி, "வடக்கு அறைக்கு வெயிலே வராது, இளமஞ்சள் அடி" என்கிறவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். அது லண்டன் கணக்கு. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சி வெயில் வடக்கே சாய்ந்துதான் நிற்கும்.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். சாம்பிள் டப்பா வாங்கி, பெரிய சார்ட் பேப்பரில் ஓரம் வெள்ளையாக விட்டு இரண்டு கோட்டு அடியுங்கள். ஓரம் விடாமல் பழைய பச்சைச் சுவரில் ஒட்டினால் எந்த நிறமும் கொஞ்சம் சிவந்து காட்டும். நன்றாகக் காய்ந்த பிறகு, அடிக்கப்போகும் சுவரிலேயே மாட்டி, காலை, மதியம், அந்தி, விளக்கு வெளிச்சம் என்று பாருங்கள். அந்தியிலும் பிடித்தால் பெயிண்டரைக் கூப்பிடலாம்.

திரைச்சீலை அடுத்த வாரம், நிச்சயம். அதற்குள் ஜன்னலை மட்டும் அளக்காமல், திரைக்கம்பியிலிருந்து தரை வரைக்கும் டேப் பிடித்து அளந்து வையுங்கள்.