பண்டைக் கிரேக்க மொழியில் ஒழுங்கற்ற எதிர்கால வினைகள்: கற்கும் முறை



க.பொ.த. உயர்தரத்தில் கிரேக்க உரோம நாகரிகம் என்றொரு பாடம் இருப்பதை உங்களிற் பலர் அறிந்திருப்பீர்கள். அப்பாடத்தைக் கருதியோ, பின்னர் இறையியல் கற்கும் நோக்குடனோ சாதாரண தரத்திலேயே கிரேக்க எழுத்துக்களைப் பழகத் தொடங்குவோர் உள்ளனர். நிகழ்கால வினைகளை இவர்கள் சிரமமின்றிக் கற்றுவிடுவர். எதிர்காலம் வந்ததும் சிக்கல் தொடங்குகின்றது. நூலிற் கண்ட சொல்லை அகராதியில் தேடினால் அது அங்கே இல்லை. அகராதியில் வினைகள் பெரும்பாலும் நிகழ்காலத் தன்மை ஒருமை வடிவிலேயே இடம்பெறும். எனவே எதிர்கால வடிவிலிருந்து நிகழ்கால வடிவைக் கண்டுபிடிக்கத் தெரியாதவருக்கு அகராதி இருந்தும் பயனில்லை. பலர் இம்மொழியைக் கைவிடும் இடம் இதுவே.

இங்கு நாம் எடுத்துக்கொள்வது கி.மு. 5ஆம், 4ஆம் நூற்றாண்டுகளில் ஏதென்ஸ் நகரில் வழங்கிய கிரேக்கமாகும். பிளேட்டோவும் செனபோனும் எழுதியது இம்மொழியிலேயே. கிரேக்க ஒலிகள் தமிழெழுத்தில் ஏறத்தாழவே தரப்பட்டுள்ளன என்பதைக் கவனத்திற் கொள்க.

முதலில் ஒழுங்கான வினையைப் பார்ப்போம். தமிழில் எதிர்காலத்தைக் காட்ட ப், வ் என்னும் இடைநிலைகள் வருவதை நீங்கள் கற்றிருக்கிறீர்கள் (படிப்பான், செய்வான்). கிரேக்கத்தில் அவ்வேலையைச் செய்வது ஸ் என்னும் ஒலியாகும். லூஓ என்றால் அவிழ்க்கிறேன். லூஸோ என்றால் அவிழ்ப்பேன். விகுதியில் மாற்றம் இல்லை. இடையில் ஸ் சேர்ந்தது, அவ்வளவுதான்.

அடுத்து, ஒழுங்கற்றவை போலத் தோன்றி உண்மையில் ஒழுங்காக இருப்பவை. கிரப்போ (எழுதுகிறேன்) என்பது கிரப்ஸோ (எழுதுவேன்) என்றும், தியோக்கோ (துரத்துகிறேன்) என்பது தியோக்ஸோ (துரத்துவேன்) என்றும், பெய்த்தோ (இணங்கவைக்கிறேன்) என்பது பெய்ஸோ (இணங்கவைப்பேன்) என்றும் வரும். கிரேக்கத்தில் ப்ஸ், க்ஸ் ஆகியவற்றுக்குத் தனி எழுத்து இருப்பதால் பார்வைக்குச் சொல்லே மாறியது போலிருக்கும். ஆனால் இது புணர்ச்சிதான். பொன், குடம் சேர்ந்து பொற்குடம் ஆவது திரிதல். மரம், வேர் சேர்ந்து மரவேர் ஆவது கெடுதல். மேலே கடைசி உதாரணத்தில் த் கெட்டது. புணர்ச்சி விதிகளைக் கற்ற தமிழ் மாணவருக்கு இது புதிய விடயமன்று. இவற்றை மனனஞ் செய்யத் தேவையில்லை.

இனி உண்மையான இடர்ப்பாட்டுக்கு வருவோம்.

ல், ர், ம், ன் ஆகிய ஒலிகளில் முடியும் அடிகளில் எதிர்கால ஸ் காணப்படாது. முன்னர் மெனெஸோ என்றிருந்த வடிவில் இரு உயிர்களுக்கிடையே நின்ற ஸ் மறைந்து, எஞ்சிய உயிர்கள் ஒன்று சேர்ந்து மெனோ ஆயிற்று. நிகழ்காலமும் (தங்குகிறேன்) மெனோ, எதிர்காலமும் (தங்குவேன்) மெனோ. எழுத்தில் இரண்டையும் பிரித்துக் காட்டுவது அசைக்குறி மட்டுமே. கிரீனெய் என்றால் ‘தீர்ப்பளிக்கிறான்’, கிரினெய் என்றால் ‘தீர்ப்பளிப்பான்’. உச்சரிப்பில் குறில் நெடில் வேறுபாடு உண்டெனினும், எழுதும் எழுத்துக்கள் ஒன்றே. தீர்ப்பு நடந்துகொண்டிருக்கிறதா, இனிமேல்தான் வரப்போகிறதா என்பது ஒரு சிறு குறியில் தங்கியுள்ளது. ஆகவே அசைக்குறிகளை அலங்காரமாக எண்ணி விட்டுவிடாதீர்கள்.

இத்தகைய வினைகளில் உதவி செய்பவை இரண்டு உண்டு. தன்மைப் பன்மையில் வேறுபாடு வெளிப்படையாகத் தெரியும்: மெனொமென் (தங்குகிறோம்), மெனூமென் (தங்குவோம்). மற்றது இரட்டை மெய். பல்லோ (எறிகிறேன்) என்பதன் எதிர்காலம் பலோ. அங்கெல்லோ (அறிவிக்கிறேன்) என்பதன் எதிர்காலம் அங்கெலோ. ஒரு ல் குறைந்தால் எதிர்காலம்!

அடுத்த வகையே எண்ணிக்கையில் மிகுந்து மாணவரைத் தடுமாற வைப்பது. கிரேக்கத்தில் செய்வினை, செயப்பாட்டுவினை ஆகியவற்றுடன், செயலின் பயன் செய்பவரையே சேர்வதைக் காட்டும் நடுவினை என்றொரு வகையும் உண்டு. அதன் தன்மை ஒருமை விகுதி மாய் என முடியும். நிகழ்காலத்தில் சாதாரண செய்வினையாக நிற்கும் பல வினைகள் எதிர்காலத்தில் இவ்விகுதியை எடுக்கின்றன. பொருளோ செய்வினைப் பொருளே. கேட்டல், காணல், அறிதல், கற்றல், எடுத்தல், ஓடுதல், இறத்தல் என உடலாலும் புலனாலும் மனத்தாலும் நிகழும் செயல்களே இவற்றுட் பெரும்பாலானவை. உதாரணமாக அக்கூஓ (கேட்கிறேன்) எதிர்காலத்தில் அக்கூஸொமாய் ஆகும்.

இவ்விடத்தில் ஒன்றை அவதானிக்க. மந்தனோ (கற்கிறேன்) – மத்தேஸொமாய். லம்பனோ (எடுக்கிறேன்) – லேப்ஸொமாய். கிக்னோஸ்கோ (அறிகிறேன்) – க்னோஸொமாய். இச்சோடிகளில் எது ஒழுங்கற்றது? எதிர்காலம் என்றே எல்லோரும் சொல்வர். ஆனால் வினையடி தெளிவாகத் தெரிவது எதிர்காலத்தில்தான். மந்தனோவில் நடுவே ஒரு ன் புகுந்து, பின்னால் அன் என்பதும் ஒட்டியுள்ளது. கிக்னோஸ்கோவில் முன்னால் கி என இரட்டித்து, பின்னால் ஸ்க் சேர்ந்துள்ளது. அவற்றைக் கழற்றினால் மத், க்னோ என்னும் அடிகள் எஞ்சும். ஆங்கிலத்தில் கணிதத்தைக் குறிக்கும் மெத்தமெட்டிக்ஸ் என்ற சொல்லும், வைத்தியர் நோயை இன்னதென அறிவதைக் குறிக்கும் டயக்னோஸிஸ் என்ற சொல்லும் இவ்வடிகளிலிருந்தே வந்தன. ஆகவே வினையடியை முதலிற் கற்று, நிகழ்காலத்தை அதன் அலங்கரித்த வடிவமாகக் கொள்வதே என் அபிப்பிராயத்தில் இலகுவான வழி.

பஸ்கோ (துன்புறுகிறேன்) என்பதன் எதிர்காலம் பெய்ஸொமாய். பெய்த்தொமாய் (கீழ்ப்படிகிறேன்) என்பதன் எதிர்காலமும் பெய்ஸொமாய். எழுத்தும் ஒன்று, அசையும் ஒன்று. துன்புறுவேனா, கீழ்ப்படிவேனா என்பதை வாக்கியத்தின் ஏனைய சொற்களே தீர்மானிக்கும். பின்னால் நான்காம் வேற்றுமையில் ஒருவர் வந்தால் பெரும்பாலும் கீழ்ப்படிதல். இரண்டாம் வேற்றுமையில் துன்பத்தைக் குறிக்கும் சொல் வந்தால் துன்புறுதல்.

எக்கோ (வைத்திருக்கிறேன்) என்பது எதிர்காலத்தில் ஹெக்ஸோ ஆகும். முன்னால் திடீரென ஹ் எங்கிருந்து வந்தது? உண்மையில் அது முதலிலிருந்தே இருந்தது. அடுத்தடுத்த அசைகளில் மூச்சொலி இரண்டு முறை வருவதைக் கிரேக்கர் தவிர்த்தனர். நிகழ்காலத்திலுள்ள க் மூச்சோடு ஒலிக்கப்படுவதால் முன்னிருந்த ஹ் மறைந்தது. எதிர்காலத்தில் க், ஸ் சேர்ந்து பின்னைய மூச்சொலி இல்லாமற் போனதால் ஹ் தன்னிடத்தில் நின்றுவிட்டது. இவ்விதியை ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் கிராஸ்மன் 1863இல் விளக்கினார்.

கடைசியாக, அடியே மாறும் வினைகள். ஆங்கிலத்தில் கோ என்பதன் இறந்தகாலம் வென்ட் ஆவது போன்றது இது. ஹொரஓ (காண்கிறேன்) – ஒப்ஸொமாய். பெரோ (சுமக்கிறேன்) – ஒய்ஸோ. லெகோ (சொல்கிறேன்) – எரோ. எஸ்தியோ (உண்கிறேன்) – எடொமாய். எர்க்கொமாய் (வருகிறேன், செல்கிறேன்) என்பதற்கு ஏதென்ஸ் உரைநடையில் எய்மி என்பதே எதிர்காலமாக வழங்கியது. இவற்றுக்கு விதி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், மனனஞ் செய்யுங்கள். எண்ணிக்கையிற் சிலவே. ஆனால் அன்றாடம் வேண்டிய சொற்கள் என்பதால் ஒவ்வொரு பக்கத்திலும் வரும். மூக்குக்கண்ணாடிக் கடைப் பலகையிலுள்ள ஒப்டிகல் என்ற சொல்லின் ஒப் என்ற அடிதான் ஒப்ஸொமாய் என்பதிலும் உள்ளது.

கற்கும்போது நிகழ்காலத்தை மட்டும் தனியே எழுதாதீர்கள். கொப்பியில் எப்போதும் சோடியாக எழுதி, சோடியாகவே வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தை மூடி, எதிர்காலத்திலிருந்து நிகழ்காலத்துக்குச் சொல்லிப் பார்ப்பதே பயனுள்ளது. ஏனெனில் வாசிக்கும்போது உங்களுக்கு வேண்டியது அத்திசையே.

பயிற்சி
பின்வருவனவற்றின் அகராதி வடிவை எழுதுக.
(1) பெம்ப்ஸோ (அனுப்புவேன்) (2) லேப்ஸொமாய் (3) ஒய்ஸோ (4) பலோ (5) மெனூமென்

விடைகள்: (1) பெம்ப்போ (2) லம்பனோ (3) பெரோ (4) பல்லோ (5) மெனோ